லோ (வரைகதை)

லோ என்பது ரிக் ரெமெண்டர் எழுதி, கிரெக் டோக்கினி வரைந்த ஓர் அறிபுனை வரைகதைத் தொடர் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் பதிப்பகம் இதனை 2014 ஆம் ஆண்டு முதல் 2021 ஆம் ஆண்டு வரை 26 இதழ்களாக வெளியிட்டது. கதிரவன் விரிவடைந்து, நிலத்தின் மேற்பரப்பு வாழத் தகாததாகிவிட்ட மிகத் தொலைவான எதிர்காலத்தில் இக்கதை நிகழ்கிறது. மாந்தர் கடலின் அடியில் அமைந்த நகரங்களில் ஒடுங்கி வாழ்கின்றனர். அங்கே சிதறிப்போன கேய்ன் என்னும் குடும்பம் பிழைத்திருக்கவும் ஒன்றுசேரவும் முயல்வதே கதையின் மையம் ஆகும்.

கடலடி வாழ்க்கையைக் கருவாகக் கொண்ட பல வரைகதைகள் வீரநாயகர்களையோ கடல் விலங்குகளையோ முன்னிறுத்துகின்றன. இத்தொடர் ஒரு தாயின் மனநிலையை முன்னிறுத்துகிறது. அழிவு உறுதி என்று எல்லாக் கணக்குகளும் காட்டும்போது ஒருவர் நம்பிக்கையோடு இருப்பது அறிவுடைமையா, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலா என்ற வினாவை இது தொடக்கம் முதலே எழுப்புகிறது.

பெயர்

லோ என்ற ஆங்கிலச் சொல் தாழ்வு, அடிநிலை என்ற பொருள்களைத் தருவது. மாந்தர் வாழும் கடலின் ஆழத்தையும், அவர்களுடைய மனச்சோர்வையும் இச்சொல் ஒருசேரக் குறிக்கிறது. கதையில் வரும் முதன்மை நகரின் பெயர் சாலஸ். இது இலத்தீன் மொழியில் நலம், பாதுகாப்பு என்று பொருள்படும். உரோமானியர் பாதுகாப்புக்கும் நலத்துக்கும் உரிய தெய்வத்தை இப்பெயரால் வழிபட்டனர்.

கதைக்களம்

கதிரவன் எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே விரிவடைகிறது. அதன் கதிர்வீச்சினால் புவியின் மேற்பரப்பு உயிர்வாழ இயலாத இடமாகிறது. மாந்தர் கதிர்வீச்சுத் தடுப்புக் கொண்ட நகரங்களைக் கடலின் அடியில் கட்டிக் குடியேறுகின்றனர். அதே வேளையில், குடியேறத்தக்க வேறு கோள்களைத் தேடி ஆய்வுக்கலங்கள் விண்வெளிக்கு அனுப்பப்படுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகள் கடந்தும் நற்செய்தி எதுவும் வரவில்லை.

கதை தொடங்கும்போது, தற்காலிகப் புகலிடமாகக் கட்டப்பட்ட நகரங்களே நிலையான இருப்பிடங்களாகிவிட்டன. காற்றைத் தூய்மையாக்கும் பொறிகள் பழுதடைந்து வருகின்றன. சாலஸ் நகர மக்கள் தங்கள் முடிவை ஏற்றுக்கொண்டுவிட்டனர். ஆட்சியாளர்கள் எஞ்சிய நாட்களைக் கேளிக்கையில் கழிக்கின்றனர். ஸ்டெல் கேய்ன் என்ற பெண் மட்டும் ஆய்வுக்கலங்களில் ஒன்றாவது திரும்பி வரும் என்று நம்பி, அவற்றின் குறிப்பலைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்.

கதைச்சுருக்கம்

கேய்ன் குடும்பத்தில் ஸ்டெல், அவரது கணவர் ஜோல், மகள்கள் டாஜோ, டெல்லா, மகன் மாரிக் ஆகிய ஐவர் உள்ளனர். ஆழ்கடலில் இயங்கவும் போரிடவும் வல்ல கவச உடை ஒன்று இக்குடும்பத்தின் வழிவழிச் சொத்து ஆகும். இது குடும்பத்தின் மரபணுவோடு பிணைக்கப்பட்டது. எனவே வேறு எவராலும் இதனை இயக்க முடியாது. அக்கவசத்தை அணிந்து நகரைக் காப்பது ஜோலின் பணி. அப்பொறுப்பை மகள்களுக்குக் கையளிக்கும் நோக்கில் அவர் அவர்களை நகருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார்.

அப்பயணத்தின்போது ரோல்ன் என்னும் கடற்கொள்ளையன் தாக்குகிறான். ஜோல் கொல்லப்படுகிறார். கவசமும் இரு மகள்களும் கவர்ந்து செல்லப்படுகின்றனர். ஸ்டெல்லும் மாரிக்கும் மட்டும் எஞ்சுகின்றனர்.

இதன்பின் கதை பத்து ஆண்டுகளைத் தாண்டிச் செல்கிறது. காவலராகப் பணிபுரியும் மாரிக் தந்தையைக் காக்க இயலாத குற்ற உணர்வில் சீரழிந்து, சிறைக்குச் செல்கிறான். இந்நிலையில் ஆய்வுக்கலம் ஒன்று புவிக்குத் திரும்பி, மேற்பரப்பில் விழுந்ததை ஸ்டெல் கண்டறிகிறார். பல்லாயிரம் ஆண்டுகளாக எந்த மாந்தரும் கால்வைக்காத இடம் அது. மகனை அழைத்துக்கொண்டு அவர் மேல்நோக்கிப் புறப்படுகிறார். வழியில் ரோல்னின் ஆட்சிக்கு உட்பட்ட போலுமா நகரில் மகள் டாஜோவைக் காண்கிறார். ஆனால் இச்சந்திப்புக்கு விலையாக மாரிக் உயிரிழக்கிறான்.

இரண்டாம் பகுதி மற்றொரு மகள் டெல்லாவைப் பின்தொடர்கிறது. அவள் வளர்ந்த வோல்டின் நகரில் நம்பிக்கை கொள்வதே மரண தண்டனைக்குரிய குற்றம் ஆகும். மக்களின் எண்ணங்களைக் கண்காணிக்கும் அதிகாரியாக டெல்லா பணியாற்றுகிறாள். தாய் எதனால் வாழ்கிறாரோ அதனையே மகள் வேட்டையாடுகிறாள். பின்வரும் பகுதிகள் ஸ்டெல்லின் மேற்பரப்புப் பயணத்தையும், பிரிந்தவர்கள் மீண்டும் ஒருவரையொருவர் எதிர்கொள்வதையும் விவரிக்கின்றன.

முதன்மைக் கதைமாந்தர்

ஸ்டெல் கேய்ன்: அறிவியலாளர், தாய். எந்த இழப்பிலும் நம்பிக்கையைக் கைவிடாதவர். இவரது நம்பிக்கை மற்றவர்களுக்கு ஊக்கமாகவும் சில வேளைகளில் எரிச்சலாகவும் அமைகிறது.

ஜோல் கேய்ன்: ஸ்டெல்லின் கணவர். கவசம் அணிந்து நகரைக் காப்பவர். கதையின் தொடக்கத்திலேயே இறந்துவிடினும், இவரது இழப்பு மற்ற நால்வரின் போக்கையும் தீர்மானிக்கிறது.

மாரிக்: மகன். நம்பிக்கை இழந்த நிலையில் இருந்து தாயின் பாதைக்குத் திரும்புபவன்.

டாஜோ: மகள். தந்தையைக் கொன்றவனின் நகரிலேயே வளர நேர்ந்தவள்.

டெல்லா: மகள். நம்பிக்கையைத் தடை செய்த ஆட்சியின் கருவியாக விளங்குபவள்.

ரோல்ன்: கடற்கொள்ளையன், போலுமா நகரின் தலைவன்.

கருப்பொருள்

ஒரே இழப்பு ஒரு குடும்பத்தின் உறுப்பினர்களை எவ்வாறு வெவ்வேறு வழிகளில் மாற்றுகிறது என்பதை இத்தொடர் காட்டுகிறது. தாய் நம்பிக்கையை இறுகப் பற்றுகிறார். மகன் தன்னையே தண்டித்துக் கொள்கிறான். டாஜோ பகைவரிடையே வாழப் பழகிக்கொள்கிறாள். டெல்லா நம்பிக்கையை வெறுக்கக் கற்பிக்கப்படுகிறாள். இந்நால்வரின் நிலைகளும் கதையில் வரும் நகரங்களின் நிலைகளாகவும் விரிகின்றன. சாலஸ் கேளிக்கையில் மூழ்குகிறது, போலுமா வன்முறையில் வாழ்கிறது, வோல்டின் எண்ணத்தையே தடை செய்கிறது. அழிவை எதிர்கொள்ளும் சமூகம் ஒன்று மேற்கொள்ளக்கூடிய மூன்று வழிகளாக இவற்றைக் கொள்ளலாம்.

நம்பிக்கையை இத்தொடர் எளிதாகப் போற்றிவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்டெல்லின் முடிவுகள் பலருக்குத் துன்பம் விளைவிக்கின்றன. மகனின் மரணம் அவற்றுள் முதன்மையானது. வீட்டில் அடங்கியிருந்தால் அவன் இன்னும் சில மாதங்கள் வாழ்ந்திருப்பான் என்ற வாதத்துக்குக் கதையில் இடமுண்டு. ஆனால் அதன்பின் நகரின் காற்றே தீர்ந்துபோயிருக்கும் என்பதும் கதைக்குள் உள்ள உண்மை. இவ்விரண்டுக்கும் இடையில் வாசகரை நிறுத்தி வைப்பதே இத்தொடரின் வலிமை ஆகும்.

படைப்பாளிகள்

ரிக் ரெமெண்டர் ஐக்கிய அமெரிக்க எழுத்தாளர். 1973 இல் பிறந்தவர். மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்துக்காக எக்ஸ்-மென் வரிசைக் கதைகளை எழுதியுள்ளார். பிளாக் சயின்ஸ் (2013), டெட்லி கிளாஸ் (2014), டோக்கியோ கோஸ்ட் (2015), செவன் டு எட்டர்னிட்டி (2016) ஆகிய தொடர்களை இமேஜ் காமிக்ஸ் வழியாக வெளியிட்டுள்ளார். இவற்றுள் டெட்லி கிளாஸ் 2019 இல் தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்தது. சிதைந்த குடும்பம், தன்னை வெறுக்கும் நாயகன், மீட்சிக்கான தேடல் ஆகியவை இவரது கதைகளில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. தமது இயல்பான அவநம்பிக்கையை எதிர்கொள்ளும் முயற்சியாகவே லோ தொடரை எழுதியதாக இவர் தெரிவித்துள்ளார்.

கிரெக் டோக்கினி பிரேசில் நாட்டு ஓவியர். ரெமெண்டருடன் இவர் இணைந்த முந்தைய படைப்புகளுள் தி லாஸ்ட் டேஸ் ஆஃப் அமெரிக்கன் கிரைம் குறிப்பிடத்தக்கது. இது 2020 இல் திரைப்படமானது.

இமேஜ் காமிக்ஸ் 1992 இல் ஏழு ஓவியர்களால் நிறுவப்பட்டது. அக்காலத்தின் பெரிய நிறுவனங்களில் ஓவியரும் எழுத்தாளரும் உருவாக்கிய கதைமாந்தர்கள் நிறுவனத்தின் உடைமையாக இருந்தனர். இமேஜ் நிறுவனத்தில் உரிமை படைப்பாளிகளிடமே இருக்கிறது. ஒரு தொடரை எப்போது தொடங்குவது, எப்படி முடிப்பது என்பதைப் படைப்பாளிகளே தீர்மானிக்க இம்முறை வழிவகுத்தது. லோ போன்ற, நிறைவான முடிவை நோக்கிச் செல்லும் கதைகள் உருவானதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

ஓவியமும் வண்ணமும்

கடலின் அடியில் நிகழும் கதையை வரைவதில் ஒரு சிக்கல் உள்ளது. ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே கதிரொளி மிக மங்கலாகிவிடும். 1000 மீட்டருக்குக் கீழே முற்றிலும் இருள். உள்ளதை உள்ளவாறே வரைந்தால் பக்கங்கள் கருமையாகவே இருக்கும். டோக்கினி இதனைத் தவிர்த்து, நகரங்களின் உள்ளே மஞ்சள், செம்மஞ்சள், பச்சை ஆகிய ஒளிர் வண்ணங்களையும், வெளியே நீலத்தையும் ஊதாவையும் பயன்படுத்துகிறார். இவரது கோடுகள் நீரோட்டம் போல வளைந்து செல்கின்றன. தொடக்க இதழ்களுக்கு இவரே வண்ணம் தீட்டினார். பின்னர் டேவ் மெக்கெய்க் வண்ணப் பணியை மேற்கொண்டார். எழுத்தமைப்பு ரஸ் வூட்டனுடையது.

வெளியீடு

முதல் இதழ் 2014 ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. மாத இதழாகத் தடையின்றி வந்திருந்தால் இரண்டரை ஆண்டுகளுக்குள் முடிந்திருக்கக்கூடிய இத்தொடர், நீண்ட இடைவெளிகளால் 2021 வரை நீடித்தது. இதழ்கள் ஐந்து தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் தலைப்புகளைப் பின்வருமாறு தமிழில் பொருள் கொள்ளலாம்.

தொகுதி 1: நம்பிக்கையின் பித்து (இதழ்கள் 1-6)
தொகுதி 2: விடியல் நம்மை எரிக்கும் முன் (இதழ்கள் 7-10)
தொகுதி 3: மங்கும் ஒளியின் கரை (இதழ்கள் 11-15)
தொகுதி 4: அக மனப்பாங்குகளின் புறத் தோற்றங்கள் (இதழ்கள் 16-19)
தொகுதி 5: ஒளி ஒளியைக் கொணரும் (இதழ்கள் 20-26)

ஐந்தில் மூன்று தலைப்புகள் ஒளியைப் பற்றியவை. கதிரவன் இக்கதையில் உலகை அழித்த பகை. ஆயினும் கதைமாந்தர் தேடிச் செல்வதும் அவ்வொளியையே.

அறிவியல் பின்னணி

இத்தொடர் அறிவியல் துல்லியத்தை முதன்மை நோக்கமாகக் கொண்டதன்று. எனினும் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலுக்கும் உண்மையான அறிவியல் அடிப்படை ஒன்று உண்டு.

கதிரவனின் விரிவு

கதிரவனின் அகவை ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். அதன் நடுப்பகுதியில் ஐதரசன் அணுக்கள் இணைந்து ஈலியமாக மாறுவதால் ஆற்றல் வெளிப்படுகிறது. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் நடுப்பகுதியின் ஐதரசன் தீர்ந்து, புறப்பகுதி பெரிதாக உப்பும். இந்நிலையை அடைந்த விண்மீன் செம்பெரு விண்மீன் எனப்படுகிறது. கதையில் இது முன்கூட்டியே நிகழ்ந்துவிடுகிறது.

உண்மையில் கடல் அவ்வளவு காலம் காத்திருக்காது. கதிரவனின் ஒளிர்வு 100 கோடி ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வீதம் கூடி வருகிறது. இதனால் அடுத்த 100 கோடி ஆண்டுகள் அளவிலேயே கடல்நீர் பெருமளவில் ஆவியாகத் தொடங்கும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அதாவது, கதிரவன் உப்பும் காலத்தில் ஒளிந்துகொள்ளக் கடல் இருக்காது. கடலை அடைக்கலமாகக் கொண்டது கதையாசிரியர் எடுத்துக்கொண்ட உரிமை ஆகும்.

கதிர்வீச்சுத் தடுப்பு

நீர் நல்ல கதிர்வீச்சுத் தடுப்பான் என்பது உண்மை. அணுமின் நிலையங்களில் பயன்படுத்தி முடித்த எரிபொருள் தண்டுகள் ஆழமான நீர்த்தொட்டிகளில் வைக்கப்படுகின்றன. அவற்றின் மேல் உள்ள சில மீட்டர் நீரே தொட்டியின் ஓரத்தில் நிற்கும் பணியாளரைக் காக்கப் போதுமானது. எனவே கதிர்வீச்சுக்கு அஞ்சி ஒளிவதானால் பல ஆயிரம் மீட்டர் கீழே செல்லத் தேவையில்லை. சில பத்து மீட்டர்களே மிகையாகும்.

நீரழுத்தம்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6000 மீட்டர் ஆழத்தில் இது ஏறத்தாழ 600 மடங்கு ஆகும். அதாவது, விரல் நகம் அளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 600 கிலோகிராம் எடை அழுத்துவதற்கு ஒப்பாகும்.

இந்த ஆழத்துக்கென இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியில் மூவர் அமரும் அறை, 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட தைட்டானியக் கலப்புலோகக் கோளம் ஆகும். வெளியழுத்தத்தைத் தாங்கும் கோளத்தின் சுவர்த் தடிப்பு அதன் விட்டத்துக்கு நேர் விகிதத்தில் கூட வேண்டும். இவ்விகிதப்படி அதே ஆழத்தில் ஒரு கிலோமீட்டர் விட்டமுள்ள நகரைக் கட்ட, ஏறத்தாழ 38 மீட்டர் தடிப்புள்ள தைட்டானியச் சுவர் தேவைப்படும்.

உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தையும் வெளிநீருக்கு இணையாக உயர்த்துவது மாற்று வழி. ஆழம் குறைந்த வாழ்விடங்களில் இதுவே பின்பற்றப்படுகிறது. ஆனால் இதற்கு மாந்த உடல் எல்லை விதிக்கிறது. 1992 இல் பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனம் அழுத்த அறையில் நடத்திய சோதனையில் எட்டப்பட்ட 701 மீட்டருக்கு இணையான அழுத்தமே இதுவரையிலான உச்சம் ஆகும்.

காற்று

ஒரு மாந்தருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோகிராம் ஆக்சிசன் தேவை. ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கார்பனீராக்சைடை அவர் வெளிவிடுகிறார். கடலடி நகருக்கு ஆக்சிசனின் மூலப்பொருள் பற்றாக்குறையாகாது. நீரை மின்னாற்பகுப்புச் செய்து ஆக்சிசன் பெறலாம். அணுவாற்றல் நீர்மூழ்கிக் கப்பல்கள் இம்முறையைக் கையாள்கின்றன. ஒருவரின் ஒருநாள் தேவைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான நீரும் ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரமும் போதும். ஒரு இலட்சம் மக்கள் வாழும் நகருக்கு இதற்கென ஏறத்தாழ 21 மெகாவாட் மின்னாற்றல் இடைவிடாது வேண்டும். இது ஒரு சிறிய மின்நிலையத்தின் அளவே.

கார்பனீராக்சைடை அகற்றுவது இதைவிட இன்றியமையாதது. மூடிய அறையில் ஆக்சிசன் தீர்வதற்கு முன்பே கார்பனீராக்சைடு பெருகி ஆளைக் கொல்லும். 1970 இல் அப்பல்லோ 13 விண்கலத்தில் வீரர்கள் எதிர்கொண்ட இடர்களுள் இதுவும் ஒன்று. அவர்கள் கலத்தில் இருந்த பொருள்களைக் கொண்டே வடிகட்டியைப் பொருத்தும் அமைப்பு ஒன்றைச் செய்து உயிர் பிழைத்தனர்.

ஆகவே சாலஸ் நகரின் அழிவு காற்றுப் பொறிகளின் பழுதில் இருந்து வருவதாகக் காட்டியிருப்பது பொருத்தமானதே. நகரைச் சுற்றிலும் ஆக்சிசனின் மூலம் எல்லையற்றுக் கிடக்கிறது. குறைவது பொறிகளும், உதிரிப்பாகங்களும், அவற்றைப் பழுதுபார்ப்போரும் ஆவர். நாளை இல்லை என்று முடிவு செய்துவிட்ட நகரில் வடிகட்டியை இன்று மாற்ற எவரும் முனையமாட்டார். இக்கோணத்தில் பார்த்தால், கதை பேசும் நம்பிக்கை வெறும் உணர்ச்சி அன்று. ஒரு நகரை நாள்தோறும் இயங்கவைக்கும் பராமரிப்புப் பணிக்கு அதுவே முன்தேவை ஆகிறது.

ஆய்வுக்கலத்தின் பயணம்

1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இவ்வேகத்தில் கதிரவனுக்கு அடுத்த விண்மீனான புரொக்சிமா செண்டோரியின் தொலைவான 4.24 ஒளியாண்டைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். சென்று திரும்ப ஒன்றரை இலட்சம் ஆண்டுகள். எனவே கதையில் வரும் பல்லாயிரம் ஆண்டுக் காத்திருப்பு மிகைப்படுத்தல் ஆகாது. எனினும் செய்தியை வானொலி அலையாக அனுப்பினால் அது நான்கே ஆண்டுகளில் வந்து சேரும். கலமே நேரில் திரும்பி வந்து மேற்பரப்பில் விழுவது, கதைமாந்தரை மேலே வரவழைப்பதற்கான கதை உத்தி ஆகும்.

உண்மையான கடலடி முயற்சிகள்

கடலின் அடியில் மாந்தர் தங்கிப் பார்த்த முயற்சிகள் 1960களில் தொடங்கின. பிரான்சின் இழாக்-இவ் கூசுத்தோ 1962 இல் மார்செய் நகருக்கு அருகே 10 மீட்டர் ஆழத்தில் இருவரை ஒரு வாரம் தங்கவைத்தார். 1963 இல் சூடானுக்கு அப்பால் செங்கடலிலும், 1965 இல் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்திலும் இம்முயற்சி தொடர்ந்தது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் சீலாப் திட்டம் 1964 இல் தொடங்கியது. இவற்றுள் எதுவும் நிலையான குடியிருப்பாக வளரவில்லை. ஆழ்கடலின் அடியை மாந்தர் எட்டிப் பார்த்துத் திரும்புகின்றனரே தவிர, அங்கே தங்குவதில்லை. உலகின் மிக ஆழமான பகுதியான சாலஞ்சர் மடுவை 1960 இல் திரியெஸ்ட் கலத்தில் இருவர் முதன்முதலாக அடைந்தனர்.

இந்தியாவில் சமுத்ரயான் திட்டத்தின்கீழ் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை உருவாக்கும் பணியைச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் மேற்கொண்டுள்ளது. இக்கழகம் 1993 இல் நிறுவப்பட்டது. நீர்மூழ்கி 12 மணிநேரம் இயங்கவும், இடர் நேர்ந்தால் மூவரை 96 மணிநேரம் வரை உயிரோடு காக்கவும் வடிவமைக்கப்பட்டுள்ளது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இது நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் இந்தியர் இருவர் பிரான்சின் நாட்டில் நீர்மூழ்கியில் அட்லாண்டிக் பெருங்கடலில் 4000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழங்களுக்குச் சென்று பயிற்சி பெற்றனர். லோ கதையில் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும் காற்றுப் பொறிக்கும், இன்று நாம் செய்யத் துணிந்துள்ள 96 மணிநேரத்துக்கும் உள்ள இடைவெளி, கதையின் கற்பனை எவ்வளவு தொலைவானது என்பதைக் காட்டும்.

கடலடிப் புனைவு மரபில் இடம்

கடலடி அறிபுனைக்கு முன்னோடி பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ண் எழுதி, 1869-70 இல் வெளிவந்த கடலடிப் பயணப் புதினம் ஆகும். நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கியின் தலைவர் நெமோ ஓர் இந்திய இளவரசர் என்பதை வேர்ண் 1875 இல் வெளியான மற்றொரு புதினத்தில் வெளிப்படுத்தினார். இப்புதினத்தின் ஒரு பகுதி மன்னார் வளைகுடாவில் இலங்கைக் கரைக்கு அருகே நிகழ்கிறது. அங்கே முத்துக்குளிக்கும் ஏழை ஒருவரைச் சுறாவிடம் இருந்து நெமோ காப்பாற்றுகிறார். தமிழர் நெடுங்காலம் முத்துக்குளித்த சலாபங்கள் இவ்வாறு உலக அறிபுனையில் இடம்பெற்றுள்ளன.

வரைகதையில் கடலடி நாயகர்களாக நேமோர் 1939 இலும், அக்குவாமேன் 1941 இலும் தோன்றினர். இருவரும் நீரில் மூச்சுவிட வல்லவர்கள். கேய்ன் குடும்பத்தினருக்கு இத்தகைய ஆற்றல் கிடையாது. சுவருக்கு அப்பால் உள்ள நீர் அவர்களைக் கொன்றுவிடும். இவ்வகையில் லோ, ஸ்காட் சினைடர் எழுதி சீன் மர்பி வரைந்த தி வேக் (2013-14) என்ற வரைகதையோடு ஒப்பிடத்தக்கது. அதிலும் கடல் மாந்தரை மிஞ்சிய ஆற்றலாகக் காட்டப்படுகிறது.

தமிழ் மரபில் கடல்கோள் பற்றிய செய்திகள் பல உள்ளன. இறையனார் அகப்பொருள் உரை முதலிரு சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல் கொண்டதாகக் கூறுகிறது. மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைச் சொல்கிறது. அண்மைக்கால வரலாற்றில் 1964 திசம்பரில் புயலால் தனுஷ்கோடி அழிந்தது. இச்செய்திகளில் கடல் நகரைப் பறிக்கிறது, மக்கள் உள்நாட்டு நிலத்தில் புகலிடம் தேடுகின்றனர். லோ இத்திசையைத் திருப்பிப் போடுகிறது. நிலம் பறிபோகிறது, கடல் புகலிடம் ஆகிறது. ஆனால் இரண்டிலும் எழும் வினா ஒன்றே: இழந்த இடத்துக்குத் திரும்புவதா, கிடைத்த இடத்தில் எஞ்சியதைக் காப்பதா?

தமிழ் வாசகர்களுக்கு மேலைநாட்டு வரைகதைகள் பெரும்பாலும் சிவகாசியின் வழியாகவே அறிமுகமாயின. 1972 இல் அங்கே தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸ், பிரித்தானியத் தொடர் ஒன்றின் தமிழாக்கமான இரும்புக்கை மாயாவியை முதல் இதழாக வெளியிட்டது. அவ்வகை வரைகதைகளில் ஒவ்வொரு இதழிலும் ஒரு பகைவன் தோன்றி வீழ்வான், நாயகன் மாறாதிருப்பான். லோ இதற்கு மாறானது. இதில் இறந்தவர் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் குடும்பம் சுருங்குகிறது அல்லது உருமாறுகிறது.

வரவேற்பு

டோக்கினியின் வண்ணங்களும், கடலடி நகரங்களின் கட்டமைப்பும், நடுவயதுத் தாய் ஒருவரை நாயகியாகக் கொண்டதும் பாராட்டப்பட்டன. அடர்த்தியான ஓவியங்களில் சண்டைக் காட்சிகளைப் பின்தொடர்வது கடினமாக உள்ளது என்ற குறையும் கூறப்பட்டது. கதைமாந்தர் தம் எண்ணங்களை நீண்ட உரையாடல்களாகப் பேசுவதும், பெண் பாத்திரங்கள் குறைந்த ஆடையுடன் வரையப்பட்டிருப்பதும் விமர்சனத்துக்கு உள்ளாயின. வன்முறையும் பாலியல் காட்சிகளும் இடம்பெறுவதால் இத்தொடர் வயதுவந்தோருக்கு மட்டுமே உரியது.

இதழ்களுக்கு இடையே ஏற்பட்ட நீண்ட இடைவெளிகள் வாசகரின் பொறுமையைச் சோதித்தன. பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு கலத்துக்குக் காத்திருக்கும் கதையை, அதன் வாசகர்களும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் காத்திருந்தே படித்து முடித்தனர்.

இவற்றையும் பார்க்க

அறிபுனை
வரைகதை
செம்பெரு விண்மீன்
சமுத்ரயான்
கடல்கோள்
முத்துக்குளித்தல்
முத்து காமிக்ஸ்